டோடோ நிற்கும் வாசல்

விலங்கியல் படித்த காலத்தில் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஜெரால்ட் டரலின் புத்தகங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. பாடப்புத்தகத்தில் வரிசை, குடும்பம், பேரினம் என்று மனப்பாடம் செய்த உயிர்கள், அவர் எழுத்தில் கோபித்துக்கொண்டன, பொறாமைப்பட்டன, திருடித் தின்றன. டரல் 1925இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். தகப்பனார் பொறியாளர். அவர் இறந்ததும், மூன்று வயதுப் பிள்ளையாக அம்மாவோடு கப்பலேறி இங்கிலாந்து போனார். வளர்ந்த பிறகு காமரூன், கயானா என்று காடுகளைத் தேடிப் போய் விலங்குகளைப் பிடித்து வந்து மிருகக்காட்சி சாலைகளுக்கு விற்றார். அங்கே அவை வைக்கப்பட்டிருந்த விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டும் இடமாக இல்லாமல், உலகத்தில் அற்றுப்போகும் உயிர்களைப் பெருக்கித் திரும்பக் காட்டுக்கு அனுப்பும் இடமாக ஒரு பூங்கா வேண்டும் என்று அவர் நினைத்தார்.

1957இல் காமரூனிலிருந்து ஒரு கப்பல் நிறைய விலங்குகளைக் கொண்டுவந்துவிட்டார். வைக்க இடமில்லை. போர்ன்மத் நகரில் அக்கா வீட்டுப் பின்கட்டில் கூண்டுகளை இறக்கினார். இடம் தேடி அலைந்து, கடைசியில் ஜெர்சித் தீவில் லெ சோக்ரே என்ற பழைய கல் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார். பதிப்பாளர் பிணை நின்று வாங்கித் தந்த கடனிலும், புத்தகம் எழுதிச் சம்பாதித்த பணத்திலும் 1959 மார்ச்சில் ஜெர்சி மிருகக்காட்சி சாலை திறந்தது.

என் அண்ணனுக்கு வேலை போர்ன்மத்தில். விடுமுறைக்கு அங்கே போவது என்று முடிவானதுமே ஜெர்சிக்கு எழுதிப் போட்டேன். சம்பளம் வேண்டாம், கொஞ்ச காலம் தொண்டு செய்ய வருகிறேன் என்று கேட்டேன். பதிலுக்குக் கேள்விகள் வந்தன. என்ன படித்தேன், முதுகுவலி உண்டா, டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா, மழையில் வேலை செய்ய முடியுமா, என் நடத்தைக்கு யார் சான்று தருவார்கள். எந்த விலங்கைப் பிடிக்கும் என்று எங்குமே கேட்கவில்லை. அப்போது அது எனக்கு வியப்பாக இருந்தது.

போர்ன்மத்தை ஒட்டிய பூல் துறைமுகத்திலிருந்து ஜெர்சிக்குக் கப்பல் போகிறது. பிரான்சுக் கரைக்கு 22 கிலோமீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்னத் தீவு அது. நீளம் 14 கிலோமீட்டர், அகலம் 8 கிலோமீட்டர். கடல் அங்கே பெரிதாக மூச்சு விடும். ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் சில நாள் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் அலையடித்த இடத்தில் மதியம் பாறைகளும் பாசியுமாகக் கிடக்கும். செயின்ட் ஹெலியர் நகரிலிருந்து பேருந்து ஏறினால், உருளைக்கிழங்கு வயல்களையும் தேன் நிறத்து ஜெர்சிப் பசுக்களையும் தாண்டி, ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய சந்துகளில் வளைந்து பூங்கா வாசலில் இறக்கிவிடுவார்கள். வாசலில் கல்லால் செய்த டோடோப் பறவைகள் நிற்கின்றன. பூங்காவின் சின்னமும் டோடோதான்.

முதல் நாள் புதிய தொண்டர்களான எங்களைச் சுற்றிக் காட்டியவர் மூத்த காப்பாளர், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. உறுதியான கைகள், பேச்சில் அவசரமே கிடையாது. மாளிகை, பண்ணை, குப்பைக் கிடங்கு, சமையலறை என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்: "நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது இங்கே ஒரு விலங்குக்கும் உங்களைத் தெரிந்திருக்கக் கூடாது. அப்படியென்றால் நன்றாக வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்."

அந்தக் கோடை முழுக்க நான் கற்றதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

காலை வேலை சமையலறையில் தொடங்கும். சுவர் முழுக்க உணவுப் பட்டியல்கள். எந்த விலங்குக்கு எந்த நேரம் என்ன, எத்தனை கிராம், எந்த அளவுத் துண்டு என்று எழுதி ஒட்டியிருக்கும். தராசில் நிறுக்காமல் ஒரு கீரைத்தண்டுகூட வாளிக்குள் போகாது. கொரில்லாக்களுக்குப் பழம் சீவுவோம் என்று நினைத்திருந்த எனக்கு வந்தவை லீக்ஸ், செலரி, கோஸ் மூட்டைகள். மனிதன் தன் நாக்குக்காகப் பல தலைமுறை பொறுக்கி வளர்த்த வாழைப்பழத்திலும் திராட்சையிலும் காட்டுப் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம், நார் குறைவு. குரங்கினங்களுக்கு அதைத் தினமும் கொடுத்தால் பல் சொத்தையாகும், உடம்பு பெருக்கும், நீரிழிவு வரும். 'குரங்குக்கு வாழைப்பழம்' என்று நாம் பாசத்தோடு நீட்டுவது அதற்கு நல்லதில்லை. பூங்காவுக்கென்றே ரசாயனம் போடாத பண்ணை ஒன்று இருந்தது. அங்கே பறித்த கீரை, மண் ஈரத்தோடு எங்கள் மேசைக்கு வரும்.

பிறகு கூட்டுவது, கழுவுவது, அள்ளுவது. விலங்கு ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போனதும் காப்பாளர் இடைக்கதவை இறக்கி, பூட்டைக் கையால் இழுத்துப் பார்த்து, "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்வார். நாங்களும் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் உள்ளே நுழையலாம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கிருமிநாசினித் தொட்டியில் காலணியை நனைக்க வேண்டும். சளி பிடித்தவர்களுக்குக் குரங்கினங்கள் பக்கமே அனுமதி கிடையாது. நமக்கு ஒரு வாரத்தில் போகும் சளி, கொரில்லாவைச் சாகடித்துவிடலாம்.

சாணம் அள்ளுவது தாழ்ந்த வேலை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அந்தப் பெண்மணி ஒரு பாடம் வைத்திருந்தார். காட்டு விலங்கு தன் நோயை மறைக்கும். பலவீனம் தெரிந்தால் தன்னைத் தின்ன ஒன்று வரும் என்பது அதன் ரத்தத்தில் ஊறிய அச்சம். அதனால் அது படுத்துக்கொள்ளும் நாள்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்கு முன்பே சாணத்தின் நிறம் மாறியிருக்கும், தட்டில் வழக்கமாகக் காலியாகும் காய் மிஞ்சியிருக்கும். மிஞ்சியதை நிறுத்து எழுதுவோம். புழுக்கை எப்படி இருந்தது என்பதையும் எழுதுவோம். துடைப்பம் பிடிப்பவரின் கண்தான் அங்கே முதல் வைத்தியர். இது புரிந்த பிறகு அந்த வேலையில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. குனிந்து நிமிர்ந்து இடுப்பு வலித்த நாட்களிலும் அது குறையவில்லை.

மதியத்துக்குப் பிறகு விலங்குகளுக்கு வேலை உண்டாக்கும் வேலை. காட்டில் ஒரு நாளின் பெரும்பகுதி இரை தேடுவதில் கழிகிறது. அடைப்பில் தட்டு தானாக வந்துவிட்டால் மிச்ச நேரத்தில் அந்த உயிர் என்ன செய்யும்? மயிரைப் பிடுங்கும், ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கும். அதனால் மூங்கில் குழாயில் துளை போட்டு உள்ளே வெட்டுக்கிளிகளை அடைத்துக் கொடுப்போம். மரக்கட்டையில் குழி தோண்டி வேலம்பிசினை நிரப்புவோம். தீயணைப்பு நிலையத்தில் கழித்துப்போட்ட தடித்த ரப்பர்க் குழாய்களைப் பின்னி ஒராங்குட்டான்களுக்கு ஊஞ்சல் செய்வோம். கரடிகளின் உணவை மரக்கிளைகளிலும் கல் இடுக்குகளிலும் ஒளித்து வைப்போம். நான் கட்டிய முடிச்சை ஓர் ஒராங்குட்டான் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், விரலால் நெகிழ்த்தி நெகிழ்த்தி அவிழ்ப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அதன் கவனத்துக்கு நான் ஒரு பொழுதைக் கொடுத்திருந்தேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் கிடைத்த இன்னொரு வேலை, குறிப்பெடுப்பது. பைட் டாமரின் என்று ஒரு குட்டிக் குரங்கு. கையளவு உடம்பு, முடியில்லாத கறுத்த முகம், முன்பாதி வெள்ளை, பின்பாதி பழுப்பு. பிரேசிலில் அமேசான் காட்டுக்கு நடுவே மனௌஸ் என்ற பெருநகரமும் அதைச் சுற்றிய வனமும்தான் அதன் மொத்த உலகம். நகரம் பெருகப் பெருக அதன் காடு துண்டு துண்டாகிறது. அடைப்பில் வளர்ப்பதும் எளிதில்லை. சட்டென்று மனம் ஒடுங்கி நோயில் விழும் உயிர். வெயிலும் விசாலமும் மறைவிடமும் கிடைத்தால்தான் தேறும் என்று ஜெர்சிக் காப்பாளர்கள் கண்டுபிடித்து, பார்வையாளர் கண் படாத இடங்களை அதற்கு ஒதுக்கினார்கள். நான் ஒரு தாளும் கடிகாரமுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நிமிடமும் அது என்ன செய்கிறது என்று குறிப்பேன். தின்றது, சொறிந்தது, மோப்பம் வைத்தது, ஒன்றும் செய்யாமல் இருந்தது. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும் இனம் அது. பால் குடிக்கும் நேரம் போக, குட்டிகளைச் சுமப்பது அப்பாவும் அண்ணன் அக்காக்களும்தான். அப்பன் முதுகில் இரண்டு குட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்க, அது கிளைக்குக் கிளை தாவியதைப் பார்த்துப் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. காப்பாளர் பின்னாலிருந்து, "அதையும் எழுதுங்கள்" என்றார்.

பூங்காவில் வெண்கலத்தில் ஒரு கொரில்லா நிற்கிறது. அதன் பெயர் ஜம்போ. 1986 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சுவரின் மேலிருந்து கொரில்லா அடைப்புக்குள் விழுந்து மயங்கிவிட்டான். முதுகு நரைத்த ஆண் கொரில்லாவான ஜம்போ அவனருகே வந்தது. மேலே கூட்டம் அலறியது. ஜம்போ சிறுவனுக்கும் மற்றக் கொரில்லாக்களுக்கும் நடுவில் நின்றது. குனிந்து அவன் முதுகை மெல்லத் தடவியது. அவன் கண் விழித்து அழத் தொடங்கியதும் தன் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டது. ஒருவர் அதைப் படமெடுத்திருந்தார். உலகம் முழுக்க அந்தப் படம் ஓடியது. சினிமாவில் பார்த்த மார்தட்டும் அரக்கனைத்தான் கொரில்லா என்று நம்பியிருந்த கோடிக்கணக்கானவர்கள், அன்று முதல் வேறொன்றைப் பார்த்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது அந்தச் சிலையைக் கடந்துதான் போவேன். காப்பாளர்கள் கொரில்லாவின் கண்ணை நேராக உற்றுப் பார்க்க மாட்டார்கள். அது கொரில்லாக்களின் உலகத்தில் சவால். தலையைச் சற்றுத் தாழ்த்தி, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். பெரியவர்கள் இருக்கும் கூடத்தைக் கடப்பதுபோல் இருக்கும் அந்த நடை.

ஜெர்சியின் இன்னொரு முகம் அதன் பயிற்சிப் பள்ளி. 1970களின் இறுதியில் தொடங்கியது. அற்றுப்போகும் உயிர்கள் பெரும்பாலும் ஏழை நாடுகளில் இருக்கின்றன. அவற்றைக் காக்க வேண்டியவர்களும் அந்த மண்ணின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பது டரலின் பிடிவாதம். மொரீஷியஸ், மடகாஸ்கர், பிரேசில், இந்தியா என்று எங்கிருந்தெல்லாமோ வனத்துறை ஊழியர்களும் ஆய்வாளர்களும் அங்கே வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் இருந்தபோது மடகாஸ்கர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். அவரோடு சேர்ந்துதான் நான் ஐ-ஐயைப் பார்த்தேன்.

ஐ-ஐ லெமூர் இனத்தைச் சேர்ந்த இரவாடி. அதற்காகப் பகலை இரவாக்கி வைத்த கூடம். கண் பழகக் கொஞ்ச நேரமாகும். பிறகு, பெரிய காதுகளும் கலைந்த மயிருமாக ஓர் உருவம் கட்டையின் மேல் இறங்கி வருவது தெரியும். அதன் நடுவிரல் மற்ற விரல்களைவிட மெலிந்து, கம்பி மாதிரி நீண்டிருக்கும். அந்த விரலால் மரத்தைத் தட்டும். காதை வைத்துக் கேட்கும். உள்ளே புழு குடைந்த பொந்து இருந்தால் ஓசை மாறும். எலிக்கு இருப்பதுபோல் ஓயாமல் வளரும் பல்லால் அங்கே துளைத்து, அதே விரலை விட்டுப் புழுவை இழுத்துத் தின்னும். மடகாஸ்கரில் மரங்கொத்திப் பறவைகள் கிடையாது. அந்த வேலையை அங்கே இது செய்கிறது.

அந்த நண்பர் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதைப் பார்த்தால் ஊரில் சாவு விழும் என்பார்கள். அடித்துக் கொன்று, வழியோரம் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள், போகிறவன் அந்தக் கெடுதலை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. என் பாட்டிக்கு இன்னும் பயம். உயிரோடு ஒன்றை இவ்வளவு நேரம் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை."

எங்கள் ஊர்ப் பக்கத்திலும் உருண்டைக் கண்ணும் மெலிந்த கையுமாகத் தேவாங்கு என்று ஓர் இரவாடி உண்டு. அதையும் மந்திரத்துக்கும் மருந்துக்கும் பிடித்து வதைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். தேவாங்குக்கென்று ஒரு சரணாலயம் அமைய வெகுகாலம் ஆயிற்று. 2022இல்தான் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காடுகளை, 11,806 ஹெக்டேர் பரப்பை, தமிழ்நாடு அரசு அதற்கென அறிவித்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த மடகாஸ்கர் நண்பரின் நினைவுதான் வந்தது. ஒரு தீவில் தட்டும் விரலும், நம் மலையடிவாரத்தில் விழிக்கும் கண்ணும் ஒரே அச்சத்துக்குப் பலியானவை. அந்த அச்சத்தைப் போக்க அந்தந்த ஊரில் பிறந்தவர்களால்தான் முடியும்.

இந்த உயிர்களையெல்லாம் அடைத்து வைப்பது எந்த நியாயத்தில் என்ற கேள்வி எனக்கு இல்லாமல் இல்லை. அதற்கான பதில் வாசலில் நிற்கும் டோடோவிடம் இருந்தது. மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த பறக்கத் தெரியாத அந்தப் பறவை, கப்பல்களும் கப்பலில் வந்த எலி, பன்றி, குரங்குகளும் கால்வைத்த நூறாண்டுக்குள், பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒழிந்துபோனது. அதே மொரீஷியஸில் 1974இல் சின்னப் பருந்து ஒன்றின் மொத்த எண்ணிக்கை, தெரிந்தவரை, நான்கு. மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்று பெயர். டி.டி.டி. மருந்தும் காடழிப்பும் எலிகளும் அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. 1979இல் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் இளைஞர் அங்கே போனார். பின்னாளில் டரல் நிறுவிய அறக்கட்டளையின் முதன்மை அறிவியலாளர்களில் ஒருவரானார். பருந்து முதலில் இட்ட முட்டைகளைப் பக்குவமாக எடுத்து வந்து அடைகாப்பானில் வைத்தார். கூட்டில் முட்டை இல்லாததைக் கண்ட பறவை மறுபடி முட்டையிட்டது. பொரித்த குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டார்கள். நான்காக இருந்த இனம் நூற்றுக்கணக்கில் பெருகியது. 1990 வாக்கில் காட்டில் பத்து மட்டும் எஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறாவும் அதேபோல் நானூறைத் தாண்டியது. அந்தப் புறாக்களின் ஒரு பகுதியை ஜெர்சியில் வளர்த்துப் பாதுகாத்தார்கள்.

இந்தியருக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்றும் அங்கே இருந்தது. அசாமின் புல்வெளிகளில் வாழும் குள்ளப் பன்றி, நின்றால் 25 சென்டிமீட்டர் உயரம்தான். உலகத்திலேயே மிகச் சிறிய பன்றி. ஆளுயரப் புல் அழிந்ததால் அதுவும் அழிந்துகொண்டிருந்தது. 1990களின் நடுவில் அசாம் வனத்துறையும் ஜெர்சிக்காரர்களும் சேர்ந்து மானஸ் காட்டிலிருந்து ஒரு சில பன்றிகளைப் பிடித்து, குவாஹாட்டி அருகே பெருக்கினார்கள். 2008 முதல் அவை காட்டுக்குத் திரும்புகின்றன. ஜாம்ஷெட்பூரில் பிறந்த பிள்ளை இந்த மண்ணுக்குத் திருப்பித் தந்த கடன் என்று நான் அதை எண்ணிக்கொள்கிறேன்.

அனுமதி கிடைக்காத அறைகளும் இருந்தன. மலைக்கோழி என்று பெயர் பெற்ற பெருந்தவளைகளின் அறை அதில் ஒன்று. கரீபியக் கடலில் மான்செராட், டொமினிக்கா தீவுகளில் மட்டும் வாழ்பவை. ருசிக்காக ஊர்மக்கள் வைத்த பெயர்தான் மலைக்கோழி. தோலில் பரவும் ஒரு பூஞ்சை நோய் அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றபோது, 2009இல் மான்செராட்டிலிருந்து ஐம்பது தவளைகளை விமானத்தில் ஏற்றி ஜெர்சி, லண்டன், ஸ்வீடன் என்று பிரித்துக் கொண்டுபோனார்கள். அந்த அறைக்குள் போகும் காப்பாளர், வெளி உலகத்தின் ஒரு கிருமியும் ஒட்டாதபடி உடையும் காலணியும் மாற்றிக்கொள்வார். நுரைக்கூட்டுக்குள் நீந்தும் தலைப்பிரட்டைகளுக்குத் தாய்த்தவளை தன் கருவுறாத முட்டைகளையே உணவாகக் கொடுக்கிறது என்று சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டதோடு சரி. உள்ளே விடுங்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. நான் நுழையாமல் இருப்பதும் அந்தத் தவளைக்கு நான் செய்யும் தொண்டு.

அம்மா தொலைபேசியில், "அம்புட்டுத் தூரம் போயிருக்கியே, குட்டி கிட்டி எதையாச்சும் தூக்கிப் பாத்தியாடி?" என்று கேட்டாள்.

"எதையும் தொடலைம்மா. தொடவிட மாட்டாங்க. அதுகளுக்கு நம்ம வாசனையே பழகக் கூடாதாம்."

அம்மா சிவகங்கைப் பக்கத்துக்காரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம கொள்ளுகுடிப்பட்டிக்காரவுக மாதிரின்னு சொல்லு" என்றாள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு நாரையைக்கூடக் கையில் எடுத்துக் கொஞ்சியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் பறவைகள் அங்கே வருகின்றன. நான் கடல் தாண்டிப் போய்க் கற்றதை அம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

ஜெர்சியில், விடுதியில் என் அறையைப் பகிர்ந்துகொண்ட பெண் ஒரு நாள் தன் பழைய புகைப்படங்களைக் காட்டினாள். தென்னாப்பிரிக்காவில் ஒரு விலங்குப் பண்ணை. பணம் கட்டித் தொண்டராகப் போயிருக்கிறாள். மடியில் சிங்கக்குட்டி, கையில் பால் புட்டி. தாயில்லாக் குட்டிகள், வளர்ந்ததும் காட்டில் விடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகுதான் அவள் விசாரித்து அறிந்தாள். அந்தத் தொழிலில் குட்டிகளைப் பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். தாய் சீக்கிரம் மறுபடி சினைப்படும் என்பதற்காக. புட்டிப்பால் குடிக்கும் வயதில் தொண்டர்கள் காசு கொடுக்கிறார்கள். சற்று வளர்ந்ததும் கூட நடந்து படமெடுக்கச் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுக்கிறார்கள். முழுதாக வளர்ந்ததும் வேலிக்குள் வைத்துச் சுடப் பணக்கார வேட்டைக்காரன் காசு கொடுக்கிறான். கடைசியில் எலும்பும் விலைக்குப் போகிறது. மனிதன் கையில் வளர்ந்த சிங்கம் காட்டுக்குத் திரும்புவது பெரும்பாலும் நடக்காத காரியம். இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டப்போவதாக 2021இல் அந்த நாட்டு அரசே அறிவிக்க வேண்டிவந்தது. அந்தப் படத்தை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். "அது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மறந்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிறேன்" என்றாள். அவள் ஏமாற்றப்பட்டவள். அவளுடைய அன்பு உண்மையானது. அந்த உண்மையான அன்பைத்தான் அவர்கள் விற்றுக் காசாக்கினார்கள்.

தாய்லாந்தில் காஞ்சனபுரிப் புலிக் கோயிலும் உலகம் அறிந்தது. துறவிகள் புலிகளோடு வாழும் புனித இடம் என்று வெளிநாட்டவர்கள் வரிசையில் நின்று புலியைத் தடவினார்கள். தொண்டர்கள் மாதக்கணக்கில் தங்கி உழைத்தார்கள். 2016இல் அரசு உள்ளே நுழைந்தபோது 137 புலிகளை வெளியே கொண்டுவந்தது. உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் இருந்தன.

வெளிநாட்டுப் பயணத்தில் விலங்குகளோடு தொண்டு செய்ய நம் பிள்ளைகளும் இப்போது நிறையப் போகிறார்கள். போகட்டும். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல படிப்புகளில் அது ஒன்று. ஆனால் பணம் கட்டுமுன் அந்த இடத்தாரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். இங்கே குட்டிகள் எங்கிருந்து வருகின்றன? தாய் எங்கே? வளர்ந்த பிறகு அவை எங்கே போகின்றன? இதுவரை காட்டுக்குத் திரும்பிய இனம் எது, எந்தக் காட்டுக்கு? திரும்ப முடியாதவை சாகும்வரை இங்கேயே இருக்குமா? நான் விலங்கைத் தொட வேண்டியிருக்குமா? நல்ல இடம் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ந்து பதில் சொல்லும், கணக்கேட்டை எடுத்துக் காட்டும், உங்கள் கையில் துடைப்பத்தைக் கொடுக்கும். கெட்ட இடம் குட்டியைக் கொடுக்கும்.

வெளிநாடு போக வழியில்லாதவர்களுக்கும் செய்ய உண்டு. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஒரு விலங்கின் உணவுச் செலவை ஏற்றுத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. அங்கே போகும்போது கூண்டைத் தட்டாமல், கூச்சலிடாமல், தின்பண்டம் வீசாமல் பார்த்துவிட்டு வருவதும் தொண்டுதான். உங்கள் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். வெளிநாட்டில் புலிக்குட்டியோடு படமெடுத்துக்கொள்ள யாராவது உங்களை அழைத்தால், காசு கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.